பிடித்து வைத்த அறை

வா மகராசி, இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். பார்க்க வந்தவர்களைக் கீழே தள்ளிப் பார்ப்பதில் அதற்கு ஒரு சந்தோஷம். கட்டிலிலேயே உட்கார். நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எதையும் ஒரு வரியில் முடிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது என்பது, என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து உனக்குத் தெரியும். கதையாகவே சொல்கிறேன். நடுவில் எழுந்து போகத் தோன்றும். முழுதும் கேட்டுவிட்டுப் போ.

உன் மருமகப்பிள்ளைக்கு உலோகக் கார்டு தருகிறோம் என்று வங்கியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று விசாரிக்க நீ என்னிடம் வந்திருக்கிறாய். சரியான இடத்துக்குத்தான் வந்தாய். அந்தக் கார்டுக்காரர்களுக்குத் தொலைபேசியில் பணிவிடை செய்யும் மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவள் நான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். விமான நிலையத்தில் ஊரே இரும்பு பெஞ்சில் முதுகு நோக உட்கார்ந்திருக்கும்போது கார்டுக்காரருக்கு மட்டும் தனிக் கூடம். மெத்தை நாற்காலி, சூடான சூப், கேட்காமலே போர்வை. கூட ஒருவரை அழைத்துப் போகலாம், இருவரை முடியாது. இந்த ஒரு விதியால் முறிந்த சிநேகம் எனக்குத் தெரிந்து மூன்று. ஓட்டலில் சின்ன அறை கேட்டால் பெரிய அறை கிடைக்கும். மதியம் காலி செய்ய வேண்டியதைச் சாயங்காலம்வரை வைத்துக்கொள்ளலாம். வழியில் பெட்டி தொலைந்தால் மாற்றுத் துணி வாங்கித் தருவார்கள், ஆனால் பயணச் சீட்டை அந்தக் கார்டாலேயே வாங்கியிருக்க வேண்டும். இதை மருமகப்பிள்ளையிடம் மறக்காமல் சொல். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

தொல்லையும் உண்டு. அது கனம். மேசையில் வைத்தால் டங்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் பாதிப் பேர். பணப்பையின் உள்துணி ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு எடுத்தால் விரல் சுடும். மெஷினில் ஒரு பக்கம் காட்டினால் ஊமையாக இருக்கும், திருப்பிக் காட்டினால்தான் பேசும். ஒரு நகைக்கடைக்காரர் எட்டு விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க ஆறு தடவை காட்டியும் மெஷின் அசையவில்லை என்று எங்களைக் கூப்பிட்டு மானம் போகிற மாதிரி திட்டினார். "திருப்பி வச்சுப் பாருங்கய்யா" என்றேன். அப்புறம் ஒரு "ம்". போனை வைத்துவிட்டார். பழையதாகிப்போன கார்டை வெட்டிப் போடவும் முடியாது. திருப்பி அனுப்ப நாங்களே தடிமனாக ஓர் உறை தருவோம். அது தெரியாமல் ஒரு பல் டாக்டர் வீட்டுத் தையல் கத்தரிக்கோலை உடைத்து, தோட்டத்துக் கத்தரிக்கோலையும் உடைத்து, கடைசியில் அவர் மனைவி எங்களைக் கூப்பிட்டாள். "உறை அனுப்புறீங்களாமே, கொஞ்சம் பெரிசா அனுப்புங்க. இவரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடறேன்" என்றாள். அன்று எங்கள் கூடமே சிரித்தது.

நீயும் சிரிக்கிறாய். நல்லது. உன் முகத்தில் சிரிப்பைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் இதையெல்லாம் முதலில் சொன்னேன் போலிருக்கிறது.

நீ உள்ளே நுழைந்ததும் இன்னொரு வார்த்தையும் சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். "அந்தக் கார்டு நம்ம கையில இருந்திருந்தா அவருக்கு அன்னைக்கு ஒரு கட்டில் கிடைச்சிருக்கும்ல அண்ணி. என் மகள் வீட்டுக்காவது இருக்கட்டும்" என்றாய். பதினாறு வருஷமாக நான் உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. கேளாமல் நீயே வந்து அதன் கதவைத் தட்டிவிட்டாய்.

எங்கள் மேசையில் ஒரு விதி இருந்தது. 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு வார்த்தையும் வாயில் வரக்கூடாது. நாடகத்துக்கு முன்வரிசைச் சீட்டு, ஆறு மாதமாக இடம் கிடைக்காத உணவகத்தில் ஜன்னலோர மேசை, எதைக் கேட்டாலும் 'பார்த்துச் சொல்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னபடி வாங்கித் தர வேண்டும். வாங்கித் தர முடியாமல் போனால் நம் பெயருக்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளி விழும். பத்து வருஷம் புள்ளி இல்லாமல் இருந்தவருக்கு வங்கியே ஒரு கார்டு தரும் என்று பேச்சு. யாரும் வாங்கியதில்லை. மேற்பார்வையாளரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். எதையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். அவரே ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்று, இன்னும் நாலு நாள்தான், ஜாக்கிரதை என்றார். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோனவள் நான். மற்றவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பேச்சும் எழுத்தும் கற்றவள். என் பெயரை இரும்பில் பொறித்துத் தருவார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டாம். நான் சொல்கிறேன்: ரொம்பப் பெரிதாக இருந்தது.

என்னைக் கைராசிக்காரி என்பார்கள். கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். யாரும் கேட்பதற்கு முன்பே பிடித்து வைத்துவிடுவேன். ஊரில் நல்ல மேசை, நல்ல அறை, நல்ல சீட்டு எங்கே இருக்கிறதோ அங்கே காலையிலேயே கூப்பிட்டு, எனக்குச் சின்ன வயதில் பாடம் எடுத்த டீச்சர்மார் பெயரில் பதிந்து வைப்பேன். கார்டுக்காரர் கேட்டால் டீச்சரை எழுப்பிவிட்டு அவரை உட்கார வைப்பேன். கேட்கவில்லை என்றால் கடைசி நேரத்தில் விட்டுவிடுவேன். அந்த மேசைக்காக யாராவது வாசலில் நின்று திரும்பிப் போயிருப்பார்கள். போயிருக்கட்டும், அவர்களை நான் பார்த்ததில்லை. பார்க்காத முகத்துக்கு மனசு இரங்குவதில்லை.

ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. மேல் மாடியில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் மரங்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவரிலேயே ஆக்சிஜன் குழாய். எங்கள் மேசையிலிருந்து கூப்பிட்டுப் பெயர் சொன்னால் நான்கு மணி நேரத்துக்கு அதை யாருக்கும் தர மாட்டார்கள். நான்கு மணி நேரம் முடிவதற்குள் மறுபடி கூப்பிட்டு நீட்டிக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அறை தானாகவே மற்றவர்களுக்குப் போய்விடும். பெரிய இடத்து நோயாளிகள் வருவார்கள் என்று நிர்வாகத்துக்கு ஆசை. அதனால் எத்தனை கூட்டம் வந்தாலும் இந்த ஏற்பாட்டில் கை வைக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் காய்ச்சல் வீடு வீடாகப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைவிட யாருக்கு இருக்கப் போகிறது. ஒரு மர வியாபாரி வெளிநாட்டில் படியில் தடுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது என்று எங்களைக் கூப்பிட்டார். மறுநாள் மதிய விமானத்தில் இறங்குகிறாராம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டுமாம். எலும்பு உடையவில்லை. "வீட்டுக்குப் போனா ஆளாளுக்கு வந்து கால அமுக்குவாங்கம்மா. ஒரு வாரம் நிம்மதியாப் படுத்துக்கணும், நல்ல ரூமாப் பாருங்க" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கடைசி அறையைப் பிடித்தேன்.

ஒன்பதரைக்கு நீ என்னைக் கூப்பிட்டாய். தம்பிக்கு மூச்சு வாங்குகிறது, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்கிறோம், மேலே இடமில்லை என்று கீழ்த்தள வராண்டாவில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஒரு சிலிண்டரை மூன்று பேருக்கு மாற்றி மாற்றி வைக்கிறார்கள் என்றாய். நீ அழவில்லை. அதுதான் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "நீங்க யார் யாருக்கோ வாங்கித் தர்றீங்களே அண்ணி. உங்க தம்பிக்கு ஒரு கட்டில் கேளுங்க" என்றாய்.

பார்க்கிறேன்மா என்றேன்.

பார்க்கவும் செய்தேன். அதை நீ நம்ப வேண்டும். ஏழு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். கெஞ்சினேன், என் வேலையில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. ஏழு இடத்திலும் நிரம்பி வழிந்தது. பத்து மணி ஆனது. எட்டாவதாக, அவன் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, மேல் மாடி அறையை மர வியாபாரிக்காக இன்னும் நான்கு மணி நேரம் நீட்டித்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் பக்கத்து மேசைக்காரி தன் கொழுந்தனுக்கு நாடகச் சீட்டு பிடித்துக் கொடுத்தாள் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு எதுவும் செய்யக்கூடாது என்பது எழுதிய விதி. இருபத்திரண்டு வருஷத்தில் என் குடும்பத்துக்கென்று ஒரு ஜன்னலோரச் சீட்டுகூட நான் வாங்கியதில்லை. வேலையில் கை சுத்தம் என்று எனக்குப் பெயர். தம்பிக்கு மட்டும் விதியை வளைத்தால் அந்தச் சுத்தம் என்ன ஆவது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று பல வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு மணிக்கு நீ மறுபடி கூப்பிட்டாய். உதடு நீலமாகிறது என்றாய். முயற்சி செய்துகொண்டே இருக்கிறேன் என்றேன். "உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்றாய்.

இரண்டு மணிக்குச் சரியாக அறையை நீட்டிக்கக் கூப்பிட்டேன். படுக்கை ஒதுக்குகிற நர்ஸ் எனக்குப் பழக்கமான குரல், முகம் பார்த்ததில்லை. எப்போதும் உடனே நீட்டித்துவிடுபவள், அன்று தயங்கினாள்.

"மேடம், உங்க ஆள் நிச்சயமா வர்றாரா?"

"வந்துகிட்டு இருக்கார்மா. ஃப்ளைட்ல இருக்கார்."

"இல்ல, கீழ ஒருத்தர் ரொம்ப முடியாம இருக்காரு. லிஃப்ட் மெக்கானிக்காம். மூச்சு விட முடியல, அதுலயும் எங்க லிஃப்ட்டு சத்தத்தக் கேட்டுட்டு, ரோப்புக்கு எண்ணெய் போடுங்க சிஸ்டர்னு என்கிட்ட சொல்றாரு. பாவமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர மேல ஏத்திடுவேன்."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடவில்லை மகராசி. நான் கவனித்துப் பார்த்தேன், ஒரு விரல்கூட ஆடவில்லை. என் தம்பி என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தவன், நான் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தவன், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட்டின் சத்தத்துக்குக் காது கொடுப்பவன். வேறு யாராக இருக்க முடியும். "எங்க ஆள் வழியில இருக்கார் சிஸ்டர். மன்னிச்சுக்கங்க" என்றேன். அவள் நீட்டித்தாள்.

இதுவரைக்கும் சொன்னதை உன்னால் ஒருவேளை தாங்கிக்கொள்ள முடியும். விதிக்குப் பயந்தாள், ஒரு கார்டுக்கு ஆசைப்பட்டாள், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைப் போல யாரோ ஒரு மர வியாபாரியை நம்பி உடன்பிறந்தவனை விட்டாள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொள்ளலாம். நானும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். தினமும் படுக்கும்போது கதையை அங்கேதான் நிறுத்துவேன். தூக்கமும் வந்துவிடும்.

மூன்று பத்துக்கு மர வியாபாரி விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "கால் இப்ப தேவலாம்மா. ஏறுறதுக்கு முன்னாடி அந்த மெத்தை நாற்காலில காலைத் தூக்கி வச்சு ஒரு தூக்கம் போட்டேன், வீக்கமே வடிஞ்சு போச்சு. நான் வீட்டுக்கே போயிடறேன், ரூமை விட்டுடுங்க" என்றார். வீட்டுக்கு வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மகன் வந்திருக்கிறான் என்றார். அவர் கேட்டது கிடைத்தது, வேண்டாம் என்றது அவரே. என் பெயருக்கு எதிரே புள்ளி விழ வழியில்லை. விதியும் மீறப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு, சிஸ்டர், எங்கள் ஆள் வரவில்லை என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அவளே அவனை மேலே ஏற்றிவிடுவாள்.

எண்ணைப் பாதி அழுத்தினேன். நிறுத்தினேன்.

அறையை விட்டால் தம்பி மேலே போவான். நீ கூடவே போவாய். இந்த அறை காலையிலிருந்து காலியாகத்தானே இருந்தது என்று கேட்பாய். உனக்குக் கேட்கத் தெரியும். நர்ஸ் ஒளிக்க மாட்டாள். கார்டு மேசையிலிருந்து ஒரு அம்மா பிடித்து வைத்திருந்தார்கள், இரண்டு மணிக்குக்கூட நான் கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டார்கள் என்பாள். அவனுக்குத் தெரியும். அவன் பிழைத்து எழுந்து, என்னைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான், அவன் குணம் அப்படி. வெறுமனே பார்ப்பான்.

ஆறு மணிவரை கூப்பிடாமல் இருந்தால் அறை தானாகவே போய்விடும். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஆறு மணிக்கு மேல் அவனை ஏற்றிவிடுவார்கள், மூன்று மணி நேரம்தானே, இத்தனை நேரம் தாங்கியவன் தாங்குவான் என்று கணக்குப் போட்டேன். நாலரைக்கு நீ கூப்பிட்டபோது, எங்கேயும் இல்லைம்மா, இன்னும் ஒரு இடத்தில் கேட்டிருக்கிறேன் என்றேன். எங்கேயும் கேட்டிருக்கவில்லை. ஒரு கார்டுக்காரர் மகளின் பிறந்தநாளுக்கு வெள்ளைப் பூ வேண்டும் என்றார், அதை ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

ஐந்து இருபதுக்குத் தம்பி போய்விட்டான் என்று சொன்னாய்.

உடனே கிளம்பவில்லை, ஆறேகாலுக்குத்தான் கிளம்பினேன். நான் வந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், "பாவம் இவங்க, காலையிலேருந்து எத்தனை இடத்துல கேட்டாங்க தெரியுமா" என்றாய். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. பதினாறு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்கிறாய். உன் மகள் நிச்சயத்தன்றுகூடச் சபையில் சொன்னாய். நீ ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

நாலு நாள் கழித்துக் கண்ணாடிக்காரர் கையால் கார்டு வாங்கினேன். கைதட்டினார்கள். துக்க வீட்டிலிருந்து வந்திருக்கிறாளே என்று சிலர் கண் கலங்கினார்கள். அது அந்த அலமாரியில் இருக்கிறது. ஒரு தடவைதான் பயன்படுத்தினேன். விமான நிலையத்துக் கூடத்தில் அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருமகப்பிள்ளை வாங்கட்டும். நல்ல கார்டுதான், அதன் மேல் பழி ஒன்றும் இல்லை. அறையைப் பிடித்தது கார்டு, விடாமல் வைத்திருந்தது நான். விதிக்காக என்று சொன்னேன், வேலைக்காக என்று சொன்னேன். கடைசி இரண்டு மணி நேரம் எதற்காகவும் இல்லை. உன் முன்னாலும் அவன் முன்னாலும் நல்லவளாக நிற்க வேண்டும் என்பதற்காக, காலிக் கட்டில் ஒன்றைப் பூட்டி வைத்து, அதற்கு நேர்கீழே என் தம்பியை மூச்சுத் திணறிச் சாகவிட்டேன். கொன்றேன் என்பதுதான் அதற்குச் சரியான சொல். மற்ற சொல்லையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், பொருந்தவில்லை.

எழுந்துகொண்டாயா. செருப்பு வாசலுக்கு வலது பக்கம் இருக்கிறது. இனிமேல் வர மாட்டாய் என்று தெரியும், வா என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை. வாழ்த்துவதற்கும் உரிமை இல்லைதான். ஆனாலும் வயதில் மூத்தவள், வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. உன் மகள் வீடு நிறைந்து இருக்கட்டும். அங்கே பிறக்கிற பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் விடாமல் இருக்கட்டும். உன் குடும்பத்தில் எல்லாரும் நரை கண்டு, பேரன் பேத்தி கண்டு, தங்கள் சொந்தக் கட்டிலில், நல்ல காற்றில், நிம்மதியாக மூச்சு விட்டு வாழட்டும்.